சிறிய விமானம் தரையிறங்கும்போது துள்ளித் துள்ளி, கடைசியில் முன்சக்கரம் உடைவது ஏன்?

பெரும்பாலும் வேகம்தான் காரணம். செஸ்னா 172 போன்ற விமானம் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) முழுதாக இறக்கி, ஏறத்தாழ 60 முதல் 65 நாட் (மணிக்குச் சுமார் 110 முதல் 120 கி.மீ.) வேகத்தில் ஓடுபாதையை அணுக வேண்டும். 75 நாட்டில் வந்தால் இறக்கையில் தூக்குவிசை மிச்சமிருக்கும். விமானம் தரையை ஒட்டி மிதந்துகொண்டே போகும். குட்டையான ஓடுபாதை என்றால் விமானிக்குப் பதற்றம். கட்டுப்பாட்டு நெம்புகோலை முன்னால் தள்ளி, வலுக்கட்டாயமாகத் தரையில் இறக்கப் பார்ப்பார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பின்சக்கரங்களுக்கு முன்பே முன்சக்கரம் தரையைத் தொடும். மூக்கு மேலே எகிறும். விமானி மறுபடி தள்ளுவார்; ஆனால் அவர் கை எப்போதும் விமானத்தின் அசைவுக்கு அரை நொடி பிந்தியே இருக்கும். அதனால் ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பலமாகிறது. மூன்றாவது, நான்காவது துள்ளலில் முன்சக்கரத் தண்டு மடங்கி, புரொப்பெல்லர் தரையில் மோதும்.

சின்னத் துள்ளல் என்றால் மூக்கைத் தரையிறங்கும் நிலையில் நிறுத்தி, கொஞ்சம் பவர் கொடுத்தால் போதும். இரண்டாவது முறையும் துள்ளினால் யோசிக்கவே கூடாது: முழு பவர், மூக்கு நிலையாக, ஃபிளாப்பைப் படிப்படியாக மடக்கி, மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். நெம்புகோலால் துள்ளலை 'துரத்துவது' மட்டும் வேண்டாம்.

புரொப்பெல்லர் தரையில் பட்டிருந்தால் அதை மாற்றினால் மட்டும் போதாது. அந்த அதிர்ச்சி புரொப்பெல்லரைச் சுழற்றும் எஞ்சின் அச்சான கிராங்க் ஷாஃப்ட் வரை போயிருக்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குப் பின்னுள்ள தீத்தடுப்புச் சுவரில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செஸ்னாவில் முன்சக்கரம் அதில்தான் மாட்டியிருக்கிறது. முன்சக்கரம் பலமாக மோதினால் அது நெளியக்கூடும்.