ஆன் சாவேஜ்: பாதிப் படத்தில் வந்து முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டவர்

அதிகம் பேசப்படாத பழைய ஹாலிவுட் நடிகைகளில் மனதில் நிற்பவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஆன் சாவேஜ்.

1945ல் எட்கர் உல்மர் இயக்கிய 'டீட்டூர்' என்ற படம். தயாரித்தது பி.ஆர்.சி. என்ற சின்ன கம்பெனி, பெரிய ஸ்டூடியோக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத ரகம். மொத்தமே 68 நிமிடம்தான், இவர் வருவதோ கிட்டத்தட்ட பாதியில். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வழியில் வருகிற கார்களில் தொற்றிக்கொண்டு போகிற ஒரு பியானோக்காரன். ஏற்றிக்கொண்டவர் வழியில் இறந்துவிட, பயத்தில் அவருடைய காரையும் பணத்தையும் பெயரையும் எடுத்துக்கொள்கிறான். அப்புறம் ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பாவம் பார்த்து ஏற்றிக்கொள்கிறான். அவள்தான் வேரா, ஆன் சாவேஜ் ஏற்ற வேடம். கொஞ்ச நேரம் கண்ணை மூடித் தூங்குகிறாள். திடீரென்று விழித்து, சடாரென்று அவன் பக்கம் திரும்பி, இந்தக் காரின் சொந்தக்காரர் உடலை எங்கே போட்டாய் என்று கேட்கிறாள். ஏனென்றால் அதே காரில் அவள் முன்பே வந்திருக்கிறாள்! அந்தத் திரும்பலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

படப்பிடிப்பில் முதலில் இவருக்குத் தலையை அழகாக வாரிவிட்டிருக்கிறார்கள். ரோட்டில் அலைந்து வந்தவள் இப்படியா இருப்பாள் என்று உல்மர் அந்த முடியில் முகத்துக்குப் பூசுகிற கோல்ட் கிரீமை (cold cream) தடவிக் கலைக்கச் சொன்னாராம், ஆன் சாவேஜே பின்னாளில் சொன்னது இது. போர்க்காலத்தில் கவர்ச்சிப் படங்களுக்கு போஸ் கொடுத்துக்கொண்டிருந்த நடிகைக்கு இது லேசான காரியமில்லை. பிசுக்குத் தலையோடு, இருமிக்கொண்டு, குடித்துக்கொண்டு, எதிரில் இருப்பவனை வார்த்தையாலேயே குதறுகிறார். ஒரு இடத்திலாவது ரசிகனிடம் அனுதாபம் கேட்க வேண்டுமே, கேட்கவே மாட்டார். அந்தக் காலத்து நடிகைகளில் இப்படித் துணிந்தவர்கள் மிகச் சிலர்தான் என்பது என் அபிப்பிராயம்.

இயற்பெயர் பெர்னிஸ் மாக்சின் லயன். 1921ல் தென் கரோலினாவின் கொலம்பியாவில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி, சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மாவோடு லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். ஹாலிவுட்டில் பிரபல நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் நடத்திய நடிப்புப் பள்ளியில் படித்து, 1940களின் தொடக்கத்தில் கொலம்பியா பிக்சர்ஸில் ஒப்பந்தம். கொடுத்ததெல்லாம் சின்ன பட்ஜெட் படங்கள். 'டீட்டூர்' கதாநாயகன் டாம் நீலோடு அதற்கு முன்பே மூன்று படம் நடித்திருந்தார்.

சரி, வேராவுக்குப் பிறகு என்ன ஆயிற்று? பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஐம்பதுகளின் நடுவில் சினிமாவை விட்டார். இந்த இடத்தில்தான் எழுதுகிறவர்கள் பலரும் 'பாவம், மறக்கப்பட்ட நடிகை' என்று கண்ணீர்க் கதை ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 1969ல் கணவர் இறந்த பிறகு லாஸ் ஏஞ்சலஸ் திரும்பி, ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து தன் காலில் நின்றார். விமானம் ஓட்டக் கற்று பைலட் லைசென்ஸும் வாங்கினார். இதில் பாவம் எங்கே இருக்கிறது? உண்மையில் அழிந்து போனவர் டாம் நீல்தான், மனைவியின் சாவுக்காகச் சிறைக்குப் போனார், வெளியே வந்து 1972ல் இறந்தார்.

இதற்கிடையில் படம் டிவியில் திரும்பத் திரும்ப ஓடி, தானாகவே ஆட்களைச் சேர்த்துக்கொண்டது. 1992ல், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பிடித்தது. 2007ல் கனடா இயக்குநர் கை மாடின் தன் 'மை வினிபெக்' படத்தில் தன் அம்மா வேடத்துக்கு இவரைத் தேடிப் பிடித்தார். 86 வயதில் அதே அதட்டல், அதே முறைப்பு, கொஞ்சமும் குறையவில்லை. அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.

'டீட்டூர்' காப்புரிமை இல்லாத படம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் பல பிரதிகள் அழுக்கடைந்து, முகமே சரியாகத் தெரியாது. 2018ல் புதுப்பித்து வெளியிட்ட பிரதியைத் தேடிப் பாருங்கள். அந்தக் கார் காட்சியில் அவர் கண் நன்றாகத் தெரிய வேண்டும்.