அரசுக்குள்ளிருந்து ஒருவர் பேசினால் தலைவர்கள் பதில் சொல்வார்களா? கேள்வி பதில்

அரசுத் தணிக்கையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தேன். இப்போது, அலுவலகத்தில் கண்ட முறைகேட்டை வெளியே சொல்ல நினைப்பவர்களின் ஆவணங்களைப் படித்து, எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லிவருகிறேன். வரலாறு, நடைமுறை, ஆவணம் பற்றிக் கேளுங்கள். தயவுசெய்து அலுவலகக் கணினியிலிருந்து கேள்வி அனுப்பாதீர்கள்.

கல்லூரி ஆசிரியர்: அந்தக் காலத்தில் ஒரு ரகசியக் கோப்பு வெளியே வந்தால் ஆட்சியே ஆடும் என்பார்கள். இப்போது எது வந்தாலும் "பொய்" என்று சொல்லிவிட்டுத் தலைவர்கள் போய்விடுகிறார்கள். இனியும் இதனால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் அந்தக் காலத்திலும் கோப்பு தனியாக யாரையும் வீழ்த்தவில்லை. 1971-இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பெர்க் வெளியிட்ட வியட்நாம் போர் ஆவணங்கள் சுமார் 7,000 பக்கம். அவை அப்போதைய அதிபர் நிக்சனைப் பற்றியவையே அல்ல, முந்தைய ஆட்சிகளைப் பற்றியவை. எல்ஸ்பெர்க்கை அசிங்கப்படுத்த வேண்டும் என்று நிக்சனின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் புகுந்து திருடினார்கள். அந்தத் திருட்டு வெளியே வந்தது. அரசுத் தரப்பின் இத்தகைய முறைகேடுகளைக் காரணம் காட்டி, 1973 மே மாதம் நீதிபதி எல்ஸ்பெர்க் மீதான வழக்கையே தள்ளுபடி செய்தார். அந்தத் திருட்டை நடத்திய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான் எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்திலும் இருந்தார்கள். அப்புறம் வெள்ளை மாளிகையில் நிக்சன் பேசியது பதிவான ஒலிநாடாக்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1974 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நிக்சன் பதவி விலகினார்.

நான் சொல்ல வருவது இதுதான். கொடுப்பவர் ஒருவர் போதும். வாங்கிக்கொள்ளும் கை வேண்டும்: அச்சிடும் பத்திரிகை, பயப்படாத நீதிபதி, விசாரிக்கும் குழு. இன்றைக்குக் குறைந்துவருவது அந்தக் கைதான்.

2019-ஐப் பாருங்கள். தன் அரசியல் போட்டியாளரை விசாரிக்கும்படி டிரம்ப் உக்ரைன் அதிபரிடம் தொலைபேசியில் கேட்டது பற்றி, பெயர் வெளியிடாத ஓர் அதிகாரி ஆகஸ்டில் முறைப்படி புகார் எழுதினார். அது உளவுத்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் போனது. போலீஸ் ஐ.ஜி. இல்லை, துறைக்குள் இருந்தே துறையைக் கண்காணிக்கிறவர். நம்பத்தக்க புகார், அவசரமானது என்று அவர் முடிவு செய்தார். டிசம்பரில் பிரதிநிதிகள் சபை பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 2020 பிப்ரவரியில் செனட் விடுவித்தது. ஏப்ரலில் அந்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் நீக்கப்பட்டார். 2025 ஜனவரியில், ஒரே இரவில் பல துறைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல்களுக்குச் சீட்டுக் கிழிந்தது. புகார் எழுதும் உரிமை சட்டத்தில் அப்படியே இருக்கிறது. வாங்கும் மேசையில் யார் இருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

நம்பிக்கை போய்விடவில்லை. மலேசியாவின் அரசு முதலீட்டு நிதியான 1எம்டிபி-யில் நடந்த மோசடி விவகாரத்தில் ஆவணங்களைக் கொடுத்த சேவியர் ஜஸ்டோ அரசு ஊழியர் அல்ல, ஒரு தனியார் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர். 2015-இல் விஷயம் வெடித்ததும் பிரதமர் நஜீப் அட்டர்னி ஜெனரலையே மாற்றினார். ஜஸ்டோ தாய்லாந்துச் சிறையில் கிடந்தார். உள்ளூர்க் கை வெட்டப்பட்டது, ஆனால் சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவும் சிங்கப்பூரும் விசாரித்தன. 2018-இல் நஜீப் தேர்தலில் தோற்றார். 2020-இல் தண்டனை, 2022-இல் சிறை. ஆவணம் உறுதியாக இருந்ததால் காத்திருக்க முடிந்தது.

பெயர் வேண்டாம்: கோப்பைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன். சமூக வலைத்தளத்தில் போட்டுவிடலாமா?

வேண்டாம். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அலுவலகக் கணினி, அலுவலக அச்சு இயந்திரம் எதையும் தொடாதீர்கள். 2017-இல் ஓர் அமெரிக்க உளவு ஆவணத்தைச் செய்தி நிறுவனத்துக்கு அனுப்பிய ரியாலிட்டி வின்னர் மாட்டியது எப்படித் தெரியுமா? அந்த ஆவணத்தை அச்செடுத்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அந்த ஆறு பேரில் செய்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தவர் அவர் ஒருவரே.

மாணவர்: அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் தேசபக்தரா, துரோகியா சார்?

அதற்குத் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை தம்பி. விளைவைச் சொல்கிறேன்: தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளும் திட்டம் 2015 சட்டத்தால் நின்றது. எந்தத் தலைவரும் பதவி இழக்கவில்லை.

வழக்கறிஞர்: பெயர் போடாத புகாரை ஏன் ஊக்குவிக்கிறீர்கள்? மொட்டைக் கடுதாசியால் அழிந்த நேர்மையான அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். குற்றம் சாட்டுகிறவர் முகம் காட்ட வேண்டும்.

நானும் பார்த்திருக்கிறேன். பொறாமையில் எழுதியதும் உண்டு. ஆனால் மொட்டைக் கடுதாசி வேறு, பெயரைச் சொல்லி அதை ரகசியமாக வைக்கக் கேட்பது வேறு. 2019 புகாரை வாங்கியவருக்கு எழுதியவர் யாரென்று தெரியும். ஊருக்குத்தான் தெரியாது.

வழக்கறிஞர்: அந்தப் புகாரே கேள்விப்பட்டதை வைத்து எழுதியதுதானே? எழுதியவர் அந்த அழைப்பைக் கேட்கவே இல்லை. அவரைக் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்புவது எப்படி நியாயம்?

அவரை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போனதே! உரையாடலின் எழுத்துக் குறிப்பை வெள்ளை மாளிகையே வெளியிட்டது. அழைப்பை நேரடியாகக் கேட்ட ராணுவ அதிகாரி விண்ட்மன் சபைக்கு வந்து, பெயரோடு, சத்தியம் செய்து சாட்சி சொன்னார். புகார் துப்புதான், சாட்சியம் அல்ல. துப்பு கொடுத்தவரைத் தோண்டுவதில் காட்டும் ஆர்வத்தைச் சாட்சியத்தில் காட்டுங்கள்.

இளநிலை எழுத்தர்: வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒன்று சொல்லலாமா? பெயர் போட்டால் மறுநாளே தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள். குறுக்கு விசாரணை எங்களுக்குத்தான் நடக்கும்.

வழக்கறிஞர்: அதற்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும், ஒளிந்துகொள்வது தீர்வல்ல.

இருவரும் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு வாழ்க்கையைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். சத்யேந்திர துபே, இந்தியாவின் நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளை விளக்கி 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் விவரத்தைத் தந்தார், ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். ஒரு நேர்மையான ஊழியர் இதைவிட முறையாக எப்படி நடப்பார்? கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. ஓராண்டு கழித்து, 2003 நவம்பர் 27 அதிகாலை, கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றே வழக்கு முடிந்தது. கொலைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்ட ஒரே பாதுகாப்பை அரசு கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

பிறகு அங்கே பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2014-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. பெயர் சொல்லாத புகாரை ஏற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒப்புதலுக்குப் பின் ஆண்டுகள் பல ஓடியும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அதனால் வழக்கறிஞரே, "முகம் காட்டு" என்று சொல்லும் முன், அந்த முகத்தைக் காக்க யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். வாட்டர்கேட்டில் செய்தியாளர்களுக்கு வழிகாட்டியவர் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலை அதிகாரி மார்க் ஃபெல்ட் என்பது 2005-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதுவரை பெயர் தெரியாததால் உண்மை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வழக்கறிஞர்: பழிவாங்கப்பட்டதை நிரூபிக்கவே முடியாதே. அதற்காவது எங்காவது வழி இருக்கிறதா?

நல்ல கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உத்தரவில் நிரூபிக்கும் பொறுப்பு தலைகீழாகிறது. புகாருக்குப் பின் மாற்றமோ நீக்கமோ வந்தால், அது பழிவாங்கல் இல்லை என்று அலுவலகம்தான் நிரூபிக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகவே மற்ற நாடுகளும் போராட வேண்டும் என்பேன்.

இன்னொருவர்: கோப்பை என் அலுவலக மின்னஞ்சலிலிருந்து எனக்கே அனுப்பிவைக்கலாமா?

மேலே படியுங்கள். கூடாது.

மற்றொருவர்: பென் டிரைவில்?

கூடாது. அலுவலகக் கணினி பற்றி இது மூன்றாவது முறை. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள், ஒருவர் வேலை போவது எனக்கு விளையாட்டல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியை: சொல்லியும் ஒன்றும் மாறாவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார்?

பிரிட்டனின் உளவு அமைப்பில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கேத்தரின் கன் நினைவுக்கு வருகிறார் அம்மா. ஈராக் போருக்கான ஓட்டெடுப்பை ஒட்டி ஐ.நா. தூதர்களை ஒட்டுக்கேட்கச் சொன்ன மின்னஞ்சலை 2003-இல் வெளியிட்டார். போர் நிற்கவில்லை. 2004-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்ததும் அரசுத் தரப்பு சாட்சியம் எதையும் வைக்காமல் வழக்கைக் கைவிட்டது. ஆனால் அரசு எதை மறைத்தது என்பது பதிவாகிவிட்டது. அதை இனி யாரும் அழிக்க முடியாது.

இளநிலைக் கணக்கர்: ஒரு பில்லில் வேலை முடிந்ததாகச் சான்று தந்த தேதி, வேலை ஆணைக்கு ஒன்பது நாள் முன்னால் இருக்கிறது. மேலே ஒரு அமைச்சரின் பரிந்துரைக் குறிப்பு. முதலில் என்ன செய்ய?

தேதி தட்டச்சுப் பிழையா என்று பாருங்கள். அதே ஒப்பந்ததாரரின் முந்தைய பில்களை, உங்கள் வேலையின் பகுதியாக மேசைக்கு வரும்போது மட்டும் கவனியுங்கள். தேடிப் போகாதீர்கள். இன்று இரவு வீட்டில், கையால், நோட்டில் எழுதுங்கள்: பார்த்த நாள், கோப்பு எண், இரண்டு தேதிகள், குறிப்பில் இருந்த வாசகம், கையெழுத்துப் போட்டவரின் பதவி. உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள். அந்த நோட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், வீட்டிலிருந்து.