செத்தவர்கள் நடைபிணமாக எழும் உலகத்தில் நடக்கும் 'தி வாக்கிங் டெட்' தொடரில் கரோல் இரண்டு நோயாளிகளைக் கொன்றது சரியா? அந்த உலகத்தில் அவளுக்கு வேறு வழி இருந்ததா?

தொடரைப் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் இப்போதுதான் 4-வது சீசனில் இருக்கிறீர்கள், யாரோ உங்களிடம் "வேற வழியே இல்லப்பா" என்று அடித்துப் பேசியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த வாக்கியம்தான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது.

என் பதில்: சரியில்லை. வழி இருந்தது. அதைத் தொடரே காட்டுகிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

தப்பிப் பிழைத்தவர்கள் அடைக்கலம் புகுந்திருக்கும் சிறைச்சாலைக்குள் காய்ச்சல் பரவுகிறது. செத்தவர் நடைபிணமாக எழுந்து பக்கத்தில் படுத்திருப்பவரைக் கடிப்பார் என்பதால் பயம் இரட்டிப்பு. அங்கே முடிவெடுக்க ஒரு குழு இருக்கிறது, கரோலும் அதில் உறுப்பினர். நோய் கண்ட கேரனையும் டேவிட்டையும் தனியாக வைப்பது என்றுதான் குழு முடிவெடுக்கிறது. கரோல் யாரிடமும் சொல்லாமல் போய் இருவரையும் கொன்று உடலையும் எரித்துவிடுகிறாள். அங்கேயே இருக்கும் டைரீஸ் தன் காதலி கேரனைப் பார்க்கப் பூவோடு வருகிறான். தரையில் ரத்தம் இழுபட்ட தடம்தான் இருக்கிறது.

சரி, காய்ச்சல் நின்றதா? நிற்கவில்லை. ஏற்கெனவே பரவியிருந்தது. க்ளென்னுக்கு வந்தது, சாஷாவுக்கு வந்தது. கரோல் மகளைப் போல் பார்த்துக்கொள்கிற லிஸ்ஸிக்கும் வந்தது. லிஸ்ஸியை என்ன செய்தாள்? ஆறுதல் சொல்லி நோயாளிகள் பகுதிக்கு அனுப்பிவைத்தாள். அதே நோய், அதே ஆபத்து. இதை நான் இரண்டாவது முறை பார்த்தபோதுதான் கவனித்தேன்.

இன்னொரு பக்கம் ஹெர்ஷல். ஒற்றைக் காலோடு அந்தக் கிழவர் நோயாளிகளுக்கு நடுவே போய், எல்டர்பெர்ரி மூலிகையைக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறார். நான்கு பேர் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போய் மருந்து கொண்டுவருகிறார்கள். நிறையப் பேர் செத்துப்போகிறார்கள், ஆனால் க்ளென்னும் சாஷாவும் லிஸ்ஸியும் பிழைக்கிறார்கள். கேரனும் பிழைத்திருப்பாளா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பைத்தான் கரோல் பறித்தாள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்த ரிக், விஷயம் தெரிந்ததும் கரோலைத் துரத்திவிடுகிறான். "ரிக் மட்டும் யோக்கியனா?" என்று கிளம்பி வருவீர்கள், தெரியும். இல்லை. நண்பன் ஷேனைக் கொன்றவன், 6-வது சீசனில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கத்தியால் குத்தக் கூட்டிக்கொண்டு போனவன். கரோலைத் துரத்திவிட அவனுக்கு என்ன தகுதி என்பது வேறு பஞ்சாயத்து. பின்னால் கரோல் லிஸ்ஸியைக் கொல்கிற தோப்புக் காட்சியையும் இதோடு சேர்க்காதீர்கள். அதில் நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

நிஜத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. 1884-இல் மிக்னோனெட் என்ற கப்பல் மூழ்கி, நான்கு பேர் சிறு படகில் தத்தளித்தார்கள். அவர்களில், கடல்நீரைக் குடித்து நோயில் கிடந்த 17 வயதுப் பையனைக் கொன்று மற்றவர்கள் தின்றார்கள். கொன்ற நான்காம் நாளே வேறு கப்பல் வந்து மீட்டது. உயிர் பிழைக்க வேண்டியிருந்தது என்ற வாதத்தை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்கவில்லை. மரண தண்டனை விதித்து, பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. சீட்டுக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை அவர்கள். இருந்ததிலேயே பலவீனமானவனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்றால், நானும் ஒரு முறை பட்டியல் போட்டிருக்கிறேன். வேலை போவதும் உயிர் போவதும் ஒன்றல்ல, அது எனக்கும் தெரியும், கருத்துப் பெட்டியில் வந்து பாடம் நடத்த வேண்டாம்.

எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவன். வேலையைவிட்டு அனுப்பத் திங்கட்கிழமைக்குள் இரண்டு பெயர் வேண்டும் என்றார்கள். ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து எல்லோருக்கும் மதிப்பெண் போட்டு எக்செல்லில் வரிசைப்படுத்தினேன். கடைசியில் வந்த இரண்டு பேர் யார் தெரியுமா? என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காராத இரண்டு பேர். அப்போது அது உறைக்கவில்லை. எண்கள் சொல்கின்றன, வேறு வழியில்லை, மற்ற ஆறு பேராவது பிழைக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். மூன்றே மாதத்தில் மொத்தக் குழுவையும் கலைத்தார்கள், நான் உட்பட.

பக்கத்துக் குழுத் தலைவி பெயர் கொடுக்க மறுத்துவிட்டு, எல்லோரும் கொஞ்சம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒத்துக்கொண்டார்கள். என்னிடம் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்களா? தெரியாது. நான் கேட்கவே இல்லை.

நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த ஓடிடி செயலிகள் ஒரு எபிசோட் முடிந்த ஐந்தாவது வினாடியில் அடுத்ததை ஓடவிடுகிறார்களே, அதைக் கண்டுபிடித்தவனைத்தான் முதலில் சிறைக்கு வெளியே துரத்த வேண்டும். 3-வது எபிசோடின் கடைசியில் ரிக் நேராகக் கேட்கிறான், கேரனையும் டேவிட்டையும் கொன்றது நீயா என்று. கரோல் ஒரே வார்த்தையில் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு நடந்துபோகிறாள். மனுஷன் மூச்சுவிடுவதற்குள் மூலையில் ஒரு பெட்டி முளைத்து ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணுகிறது. ரிமோட்டைத் தேடுவதற்குள் அடுத்தது ஓட ஆரம்பித்துவிடுகிறது. வாரம் ஒன்று என்று பார்த்தவர்களுக்கு அந்த "ஆமாம்" ஏழு நாள் தொண்டையிலேயே நின்றிருக்கும்.

அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் எனக்குக் கரோல் மேல் மரியாதை உண்டு.

என் பட்டியலில் இருந்த இரண்டு பேரில் இளையவன், கடைசி நாள் சாயங்காலம் என் மேசைக்கு வந்தான். என்றைக்கோ இரவல் வாங்கிய சார்ஜரை, வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வந்திருந்தான். "இந்தாங்கண்ணா, உங்களோடது" என்று வைத்தான். போகத் திரும்பியவன் நின்று, "என் பேரை யாருண்ணா குடுத்தது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியலைப்பா, மேல முடிவு பண்ணியிருப்பாங்க" என்றேன்.