மலையடியில் ஒரு கழுதை
(டிராயிங் வாத்தியார் பதில்கள்)

கேள்வி: பல் டாக்டரிடம் போயிருந்தேன். என் முறை வர ஒரு மணி நேரம் ஆனது. சுவரில் ஒரு சீன மலைப்படம். கீழே ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சில கழுதைகள். சீனர்களுக்கு மிருகம் வரைய வராதா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

வராமல் என்ன! எட்டாம் நூற்றாண்டில் ஹான் ஹுவாங் வரைந்த ஐந்து மாடுகள் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு சின்னச் செடியைத் தவிர பின்னணியே கிடையாது. முழுக்க மாடுதான், கழுத்துத் தோலின் மடிப்பு முதற்கொண்டு.

மலைப்படத்தில் மிருகத்துக்கு வேலை வேறு. நீங்கள் பார்த்தது ஃபான் குவானின் படத்தின் நகலாக இருக்கலாம். பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பட்டு ஓவியம், இப்போது தைபேயில் இருக்கிறது. உயரம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் பெரும்பகுதியை ஒரே மலை அடைத்துக்கொள்ளும். அருவி நூலாக இறங்கும். வலது கீழ்க்கோடியில் பொதி சுமந்த கோவேறு கழுதைகளும் ஓட்டிவருபவர்களும். அந்தக் கழுதையை விரலால் மறைத்துப் பாருங்கள், மலை சட்டென்று வெறும் பாறையாகிவிடும்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பொதிகையை வரைந்தால் மூன்று முக்கோணம், நடுவில் சூரியன், முன்னால் மலை உயரத்துக்கு ஒரு பசு. திட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒருநாள் கன்னடியன் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போனேன். “அந்தா மேயுதுல்லா எருமை, அதுக்கு நேரா கட்டைவிரலை நீட்டுலே” என்றேன். எருமை நகத்துக்குள் அடங்கிவிட்டது. மலை இரண்டு கையை விரித்தும் அடங்கவில்லை. மறுநாள் ஒருவன் பசுவைக் கடுகளவு போட்டுவிட்டு, அது பசுதான் என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தான்!

ஃபான் குவானும் எழுதித்தான் வைத்திருந்தார், தன் பெயரை. கழுதைகளுக்குப் பின்னால் இலைகளுக்கு நடுவே ஒளித்துவிட்டார். 1958-இல்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த முறை டாக்டர் காக்க வைத்தால் அங்கே தேடுங்கள். நகலில் தெரிவது கஷ்டம்தான்.

கேள்வி: சீனப் படங்களில் பைன் மரத்தில் நிற்கும் பறவை, எங்கள் குளத்துக்கு வருகிற நாரைதானா?
– வாசகி, கூந்தன்குளம்

இல்லையம்மா. உங்கள் ஊரில் வீட்டு மரத்தில் கூடு கட்டுகிறதே, அது மஞ்சள் மூக்கு நாரை. படத்தில் இருப்பது உச்சந்தலை சிவந்த பெருங்கொக்கு. அது மரத்தில் உட்காரவே உட்காராது, சதுப்பு நிலத்தில் தரையில் கூடு கட்டுகிற ஜாதி. ஆனால் சீனர்களுக்குக் கொக்கும் நீண்ட ஆயுள், பைனும் நீண்ட ஆயுள். இரண்டையும் சேர்த்தால் வாழ்த்து இரட்டிப்பு என்று ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். நம் வீட்டுக் காலண்டரில் மயில் முருகனையே சுமக்கவில்லையா?