"வீடு காலியில்லை" என்றார்கள், விளம்பரம் அப்படியே இருக்கிறது

கேள்வி: அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் வாடகை வீடு தேடுகிறோம். போனில் காலி என்றவர், எங்களை நேரில் பார்த்ததும் நேற்றே போய்விட்டது என்கிறார். விளம்பரத்தை இன்னும் எடுக்கவில்லை. நிறம்தான் காரணம் என்று தோன்றுகிறது. சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்து வீடு மறுப்பதை 1968-ல் வந்த மத்திய சட்டம் தடை செய்கிறது. அந்தக் காரணங்களுக்காக, காலியாக இருக்கும் வீட்டை இல்லை என்று பொய் சொல்வதும் அதே சட்டப்படி தனித் தவறு.

ஆனால் உடனே போய் உரிமையாளரிடம் சண்டை போடாதீர்கள். விளம்பரத்தைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள், அப்புறம் வீட்டு உரிமைக்காக வேலை செய்யும் உள்ளூர் தொண்டு அமைப்பு ஒன்றைக் கூப்பிடுங்கள். வீடு காலியாக இருக்கும்போதே அவர்கள் வெள்ளையர் ஒருவரையும் வேறு நிறத்தவர் ஒருவரையும் தனித்தனியாக அனுப்பி, இருவருக்கும் ஒரே பதில்தானா என்று பார்ப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு கத்திவிட்டால் விளம்பரம் மறைந்துவிடும், சோதிக்க எதுவும் மிஞ்சாது. வர்ஜீனியாவில் இப்படிச் சோதிக்கப் போன கறுப்பினப் பெண்ணிடம் இடமில்லை என்றும், வெள்ளையரிடம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். குடியேறும் எண்ணமே இல்லாமல் கேட்டிருந்தாலும், அவரிடம் பொய் சொன்னதே வழக்குப் போடப் போதும் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது, ஏனென்றால் மனதுக்குள் மறைத்து வைத்திருக்கும் வெறுப்பை அம்பலப்படுத்த இப்படிச் சோதிப்பதைவிட நேரான வழி கிடையாது.

மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. நேராக நீதிமன்றம் போக இரண்டு ஆண்டு அவகாசம், புகார் துறையிடம் நிலுவையில் இருக்கும் காலம் அதில் சேராது. விசாரணையில் முகாந்திரம் இருப்பதாகத் துறை முடிவெடுத்து, இரு தரப்பில் ஒருவர் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தால், உங்களுக்காக மத்திய அரசின் நீதித்துறை வழக்கறிஞர்களே வாதாடுவார்கள்.

நான்கு வீடு வரை உள்ள கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் 1968 சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம், இனப் பாகுபாட்டுக்கு எதிராக, அடிமை முறை ஒழிந்த கையோடு வந்த 1866 சட்டம் கைகொடுக்கும், அதில் அந்த விலக்கு இல்லை.

சம்பளச் சீட்டு, கிரெடிட் ஸ்கோர் நகல்களையும் பத்திரமாக வையுங்கள். எதிர்த்தரப்பு பெரும்பாலும் அதைத்தான் காரணம் காட்டும்.