மார்புத் தசையா, தொடைச் சதையா: அப்பாவின் அறுவைக்கு எந்தப் பணம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். கதிர்வீச்சுக்குப் பிறகும் அப்பாவின் தொண்டைப் புற்றுநோய் திரும்பிவிட்டது; வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை. குரல்வளையோடு தொண்டையின் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை மார்புத் தசையாலோ தொடைச் சதையாலோ கட்டுவார்களாம். தொடைக்குச் செலவு மதிப்பீடு மிக அதிகம். அப்பாவுக்கு மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்புத் திட்டம், இருக்கிறது. மலிவானதற்கு ஒப்புக்கொள்வதா, என் ஓய்வூதியச் சேமிப்பை எடுப்பதா?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம், முதலில் மெடிக்கல் எய்டு தரவேண்டியதைக் கேட்டு வாங்குங்கள்.

விலை வேறுபடக் காரணம் உண்டு. மார்புத் தசையை அதன் இரத்தக்குழாயோடு அப்படியே கழுத்துக்குத் திருப்பிவிடலாம், நேரம் குறைவு. ஆனால் அது தடிமனானது. தொடைச் சதையை முழுதாகப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் கழுத்து இரத்தக்குழாய்களோடு தைக்கவேண்டும். நீண்ட நேர அறுவை, பெரும்பாலும் இரண்டு குழுக்கள், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் கண்காணிப்பு. தொடைச் சதை பொதுவாக மெல்லியது, குழாயாகச் சுருட்ட வசதியானது. விழுங்கவும் பேசவும் உதவும். கதிர்வீச்சு பட்ட தொண்டையில் தையல் பிரிந்து எச்சில் கசிந்தால் மருத்துவமனை நாட்கள் நீளும். மலிவான மதிப்பீட்டில் அந்தச் செலவு இருக்காது. அப்பாவின் உடலுக்கு எது பொருந்தும் என்பதை அறுவை மருத்துவரே சொல்லட்டும். பணம் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு மருத்துவத் திட்டச் சட்டப்படி, சிகிச்சையளிக்கக்கூடிய திட உறுப்புப் புற்றுநோய், எல்லாத் திட்டங்களும் தந்தே ஆகவேண்டிய கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். திட்டம் நியமித்த மருத்துவமனையில் செய்தால் முழுச் செலவையும் திட்டமே ஏற்கவேண்டும். மெடிக்கல் எய்டுக்குள் அப்பா பெயரில் இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து அதைக் கழிக்கவும் கூடாது. நாமாக விரும்பி வேறிடம் போனால்தான் மீதித்தொகை நம் தலையில் விழும். ஆகவே எழுத்தில் கேளுங்கள்: "நீங்கள் நியமித்த மருத்துவமனையில் நுண்ரத்தக்குழாய் அறுவைக் குழு இருக்கிறதா?" இல்லையென்றால், வேறிடத்துச் செலவையும் முழுதாகக் கோரலாம். மறுத்தால், இத்திட்டங்களைக் கண்காணிக்கும் அமைப்பான மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலில் முறையிடுங்கள். அவசரம் என்பதைக் குறிப்பிடுங்கள்.

உங்கள் சேமிப்பைப் பற்றி: 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதியத்தின் சேமிப்புப் பகுதியை வரியாண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். எடுப்பது வருமானத்தோடு சேர்ந்து வரிக்குள்ளாகும். அந்த ஒரு வாய்ப்பை அறுவைக்கு முன்பே செலவழித்துவிடாதீர்கள். குரல்வளை இல்லாமல் பேச உதவும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பேச்சு வால்வு, மூச்சுவிடும் கழுத்துத் துளைக்குத் தினமும் தேவைப்படும் வடிகட்டி, குழாய்வழி உணவு, வேலைக்குப் போக முடியாத நாட்கள் என்று பின்னால் வருவது நிறைய. பேச்சுப் பயிற்சியாளரிடம் இந்த மாதச் செலவின் கணக்கை இப்போதே கேட்டு, அதில் எதைத் திட்டம் தரும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.