பி0171 வந்தா ஓ2 சென்சார மாத்தியே ஆகணுமா?

வேளச்சேரியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, என் கார் 2018 மாடல் பெட்ரோல், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ரெண்டு வாரமா செக் இஞ்சின் லைட் எரியுது, லிட்டருக்கு 15 குடுத்துட்டு இருந்த வண்டி இப்ப 11 தான் குடுக்குது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டுட்டு பி0171 வருது, ஓ2 சென்சார் போச்சு, மாத்தணும்ங்குறாரு. மாத்திடவா?"

தம்பி, இப்பவே மாத்தாதீங்க. ஓ2 சென்சார்ங்குறது எக்ஸாஸ்ட் புகையில எவ்ளோ ஆக்சிஜன் இருக்குன்னு பாக்குறது. பி0171 அந்த சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்ற கோடு இல்ல, காத்து-பெட்ரோல் கலவை லீனா இருக்கு, அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி, பெட்ரோல கூட்டி கூட்டி பாத்தும் சரியாகலன்னு ஈசியூ (இஞ்சின் கம்ப்யூட்டர்) சொல்றது. சென்சார் ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறுன்னா பி0135 வரும், சென்சார் மந்தமாயிட்டா பி0133 வரும், உங்களுக்கு ரெண்டும் வரல.

லீன்னா மைலேஜ் ஏன் இவ்ளோ இறங்கணும்? அங்க தான் எனக்கு சந்தேகம். சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற குழாய்) கேஸ்கெட்ல சின்னதா லீக் இருந்தா புகை வெளிய போறது மட்டும் இல்ல, ஒவ்வொரு புகை அலைக்கும் நடுவுல வெளிக்காத்தையும் உள்ள இழுக்கும், சென்சார் அந்தக் காத்துல இருக்குற ஆக்சிஜன பாத்துட்டு லீன்னு சொல்லும், ஈசியூ அத நம்பி தேவையே இல்லாம பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கும்.

பள்ளிக்கரணையில இருந்து ஒரு கால் டாக்சி இப்படி தான் வந்துது, வேற இடத்துல ரெண்டு தடவ சென்சார் மாத்தியும் லைட் போகல. ராத்திரி முழுக்க நிறுத்தி வெச்சு காலைல ஸ்டார்ட் பண்ணேன், மொத ரெண்டு நிமிஷம் டிக் டிக்னு சத்தம், சூடேறினதும் அடங்கிடுச்சு. ஹீட் ஷீல்ட கழட்டி டார்ச் அடிச்சா கேஸ்கெட் ஓரத்துல விரல் நீளத்துக்கு கரிக்கோடு. கேஸ்கெட் மாத்தினதும் சரியாயிடுச்சு, ஆனா அந்த டிரைவர் ரெண்டு சென்சாருக்கு குடுத்த காசு போனது போனது தான், அதான் உங்ககிட்ட இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

நீங்களும் காலைல பானட்ட தெறந்து அந்த சத்தத்த கேளுங்க. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல வேணாம், புகை தேங்கும், வெளிய எடுத்துட்டு வந்து பண்ணுங்க.

அப்புறம் ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டியில ஸ்கேனர் சொருகுற எடத்துல சொருகுறது) வாங்கி போன்ல லைவ் டேட்டா பாருங்க. இஞ்சின் நல்லா சூடானதும் 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா முன் சென்சார் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவுல விடாம ஏறி இறங்கணும். உங்களுக்கு அது 0.1 பக்கமே கெடக்கலாம். அப்ப ஆக்சிலேட்டர படக்குனு மிதிச்சு விடுங்க, மிதிச்சதும் 0.8க்கு மேல பாஞ்சு, விட்டதும் கீழ விழுந்தா சென்சார் உயிரோட தான் இருக்கு. என்ன பண்ணாலும் அசையாம நின்னா தான் சென்சார் மேலயும் ஒயரிங் மேலயும் சந்தேகப்படணும். புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அப்புறம் இருக்குற பின் சென்சார் 0.6, 0.7ல அமைதியா நிக்கும், அது நார்மல், அத பாத்து செத்துப்போச்சுன்னு நெனச்சுடாதீங்க.

லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம்மையும், அதாவது ஈசியூ பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்குற கணக்கையும் குறிச்சு வைங்க. ஐடில்ல +20 கிட்ட இருந்து ஆர்பிஎம் ஏத்தினா நல்லா குறையுதுன்னா இன்டேக் ஹோஸ், வேக்யூம் ட்யூப்ல வெடிப்பு இருக்கான்னு தடவி பாருங்க. ஏத்த ஏத்த ட்ரிம்மும் ஏறுச்சுன்னா ஃப்யூல் பம்ப் பிரஷர செக் பண்ணணும்.

உங்க ஏரியால தண்ணி நிக்கும்ங்குறதால சென்சார் கனெக்டரையும் ஒரு தடவ கழட்டி பாத்துடுங்க, பின்னுங்க பச்சையா பூத்திருந்தா ரீடிங்கே தப்பா வரும்.

இவ்ளோக்கும் அப்புறம் சென்சார் தான்னு ஆச்சுன்னா ஜிபி ரோட்டுல பார்ட் நம்பர் பாத்து புதுசா வாங்குங்க. புதுப்பேட்டையில பழசு வேணாம், இது தேயுற சாமான், மிச்சம் எவ்ளோ ஆயுசு இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. மெக்கானிக் எக்ஸாஸ்ட் பக்கம் சாதா சிலிக்கான் சீலன்ட் தடவ வந்தா தடுத்துடுங்க, அந்த ஆவி பட்டா புது சென்சாரும் பாழாயிடும். வேல முடிஞ்சதும் கோட அழிச்சுட்டு ஒரு வாரம் ஓட்டுங்க, ட்ரிம் 5க்குள்ள வந்து நிக்கணும்.